வெயிலில் நான்கு மில்லி

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது. முப்பத்து நான்கு நடக்கிறது. ஆனாலும் பதினோரு வருடம் ஒரே மேசையில் ஒரே வேலையைப் பார்த்துவிட்டு, போன மாதம் அந்த மேசையை நிவேதா என்ற பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒப்படைத்த அன்று அவள் கையில் ஒரு புதுக் கருவி இருந்தது. தீப்பெட்டி அளவுதான். மாதிரி விமானத்தின் மடலில் கவ்வவிட்டால், மடல் எத்தனை டிகிரி அசைகிறது என்று போனில் காட்டிவிடும். என்னுடைய இரும்பு ஸ்கேலையும் அது நிற்கும் மரக்கட்டையையும் பார்த்து, இதை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. பிறகு, அந்த மேசையில் என்னதான் நடந்தது என்று எழுதித் தரச் சொன்னாள்.

கருவியைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்ல கருவி. அது முன்பே இருந்திருந்தாலும் நான் எழுதப்போகிற விஷயம் அப்படியேதான் நடந்திருக்கும்.

எங்கள் பட்டறை திருக்கோகர்ணத்தில், ஒரு வீட்டின் மாடியில் இருக்கிறது. ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களைச் செய்து கொடுக்கிறோம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகள், அப்புறம் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிறவர்கள். ஊரில் பலர் இதைப் பொம்மை என்பார்கள். ஒன்றரை மீட்டர் இறக்கையும் சுழலும் புரொபெல்லரும் உள்ள ஒரு பொருள் ஆள் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

விமானத்தின் இறக்கையிலும் வாலிலும் பின்விளிம்பை ஒட்டிக் கீல் வைத்த மடல்கள் இருக்கும். இறக்கையில் இருப்பது எய்லரான். வாலில் படுத்திருப்பது எலிவேட்டர், நிமிர்ந்திருப்பது ரட்டர். ரிமோட்டில் குச்சியைத் தள்ளினால், விமானத்துக்குள் இருக்கும் சர்வோ என்ற சின்ன மோட்டார் ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி மடலை அசைக்கும். எலிவேட்டர் மேலே எழுந்தால் மூக்கு மேலே போகும், தாழ்ந்தால் மூக்கு கீழே போகும். எவ்வளவு அசைகிறது என்பதுதான் எல்லாம். பன்னிரண்டு மில்லிமீட்டர் அசைய வேண்டியது இருபது அசைந்தால் விமானம் துள்ளும். ஆறு அசைந்தால் சொன்ன பேச்சைக் கேட்காது. அந்த மில்லிகளை அளந்து எழுதுவது என் வேலை.

எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கம். அப்பா கல்குவாரியில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கிய ஆளும் நான்தான். இதை நான் அடக்கத்தோடு சொல்வதில்லை, இப்போதும் அப்படிச் சொல்ல வரவில்லை. ரேஷன் கார்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை வீட்டில் எழுத்து சம்பந்தப்பட்ட எதுவும் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். நான் படித்துச் சொன்னால் மறுபேச்சு கிடையாது. பன்னிரண்டு வயதிலிருந்து அப்படிப் பழகிய ஒருத்திக்கு, தான் சொல்வது தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் லேசில் வராது.

வேலை பழகிய முதல் வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பஞ்சுமெத்தைத் துண்டில் விமானத்தை மட்டமாக உட்கார வைப்பது, புரொபெல்லரைக் கழற்றிய பிறகே பேட்டரியைத் தொடுவது, ரிமோட்டை முதலில் போட்டுவிட்டு விமானத்துக்கு அப்புறம் மின்சாரம் கொடுப்பது, நிறுத்தும்போது இதே வரிசையைத் திருப்புவது. கை பழகும் வரை கஷ்டம், பழகிய பிறகு மூச்சு விடுவது போல.

அளப்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் முதலாளி ஜெசிந்தா மேடம் அதற்கென்று வைத்திருந்த முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மேடத்தின் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். பட்டறை முழுக்க மேடத்தின் பொறுப்பு. அவர் வகுத்த முதல் விதி, கம்பியைப் பொருத்தி மடலைச் சரிசெய்கிறவர் அளக்கக் கூடாது, அளக்கிறவர் கம்பியைத் தொடக் கூடாது. இரண்டு வேலைக்கும் இரண்டு அறை. நான் அந்த அறைக்குள் போகக் கூடாது, கம்பி பொருத்துகிறவர் இந்த அறைக்குள் வரக் கூடாது. இரண்டாவது விதி இன்னும் விநோதம். எந்த மடல் எவ்வளவு அசைய வேண்டும் என்று எழுதிய தாளை மேசையில் குப்புறக் கவிழ்த்து, மேலே ஒரு ஓட்டுத்துண்டை வைத்துவிடுவார். நான் அளந்து நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் தாளைத் திருப்புவார். வேண்டிய எண் முன்கூட்டியே தெரிந்தால் கண் அந்த எண்ணையே பார்க்கும் என்பார்.

அளக்கும்போது முதலில் மடல் நடுநிலையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வாலின் தட்டையான பகுதியும் மடலும் ஒரே கோட்டில் நின்றால் பூஜ்யம். பிறகு மடலின் அகலமான இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. கட்டையில் நிறுத்திய ஸ்கேலை அந்த இடத்துக்கு நேராக நகர்த்தி, மண்டியிட்டு, கண்ணை விளிம்பின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, குச்சியை முழுக்கத் தள்ளிப் படிக்க வேண்டும். மேலே மூன்று தடவை, கீழே மூன்று தடவை. கடைசியில் விரலால் மெல்ல ஆட்டி, கீலிலோ கம்பியிலோ தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுதி முடித்து நோட்டைக் காட்டினால் மேடம் ஒன்றுதான் சொல்வார்.

"இன்னொரு தடவ அளந்துட்டு வா."

சரியாக இருந்தாலும் அதையேதான் சொல்வார், தப்பாக இருந்தாலும் அதையேதான். குரலில் ஒரு வித்தியாசமும் இருக்காது. கையில் ஒரு முறுக்கு இருக்கும். இரண்டாம் தடவை போகும்போதுதான் தாளைத் திருப்புவார். முதல் ஆறு மாதம் நான் அந்த முகத்தைப் படிக்க முயன்று தோற்றேன். அப்புறம் படிப்பதை விட்டுவிட்டு அளக்க ஆரம்பித்தேன்.

இறக்கை ஒட்டும் சரஸ்வதி அக்கா என்னைக் கணக்கு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு ஏற்றபடி ஒன்று நடந்தது. காரைக்குடி டாக்டர் ஒருவர் விமானம் வாங்கிப் போய், எய்லரான் நீங்கள் எழுதியதில் பாதிதான் அசைகிறது என்று போனில் சண்டை போட்டார். பத்து மில்லி என்று எழுதியிருக்கிறது, ஐந்தரைதான் வருகிறது என்றார். நான் அவரிடம் எந்த இடத்தில் ஸ்கேலை வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். இறக்கை நுனியில் என்றார். அந்த எய்லரான் உடம்புப் பக்கம் அகலமாகத் தொடங்கி நுனிக்குப் போகப் போக ஒடுங்கும். அகலமான இடத்தில் பத்து அசைந்தால் ஒடுங்கிய இடத்தில் ஐந்தரைதான் அசையும். டாக்டர் சரி சரி என்று போனை வைத்துவிட்டார். அதன் பிறகு பட்டறையில் அளவு பற்றிய வாக்குவாதம் எது வந்தாலும் என் நோட்டு சொன்னதுதான் முடிவு என்றானது.

கம்பி பொருத்துகிறவர் முருகேசன் அண்ணன். அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமம். நாற்பது வயது. எட்டாம் வகுப்போடு நின்றவர். சைக்கிள் கடை, மோட்டார் வைண்டிங், டி.வி. மெக்கானிக் என்று எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர். அவர் தெருவில் வளைகுடாவுக்குப் போகாத ஆண் அவர் ஒருத்தர்தான் என்று சரஸ்வதி அக்கா கிண்டல் செய்வார். அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வார். பொண்டாட்டி கையால் சாப்பிட்டுவிட்டு ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து வருகிறவனுக்கு என்ன குறை என்பார். விரல் நுனியால் தடவியே அரை மில்லி வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நான் அளந்து முடித்த விமானத்தை வேனில் ஏற்றும்போது, மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் கம்பியின் முனையை அரைச் சுற்றுத் திருகிவிடுவார். ஒரு தடவை அப்படிச் செய்து மேடத்திடம் மாட்டினார். அளந்த பிறகு தொடுவதைப் போல எங்கள் பட்டறையில் வேறு குற்றம் கிடையாது. இன்னொரு தடவை தொட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேடம் முறுக்கைத் தின்றுகொண்டே சொன்னார்.

நான் சேர்ந்து நான்காவது வருடம், ஒரு கல்லூரி மாணவர்களின் பயிற்சிக்காக ஆறு விமானங்கள் கேட்டது. எங்களுக்கு அதுவரை வந்ததில் பெரிய வேலை அது. இரண்டு தயாரானதும் பறக்கவிட்டுக் காட்டச் சொன்னார்கள். கத்திரி வெயில் காலம். எங்களுக்காகப் பறக்கவிடுகிறவர் ஸ்டீபன். குன்றாண்டார்கோவில் பக்கம் வறண்ட கண்மாய் ஒன்றுதான் எங்கள் மைதானம். காற்று எழுவதற்கு முன்னால், காலை ஏழு மணிக்குள் எல்லாச் சோதனையையும் முடித்துவிடுவது ஸ்டீபனின் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் திட்டம். நான் அதிகாலையிலேயே இரண்டையும் அளந்து, நடுநிலை பூஜ்யம் என்று எழுதி, மேடத்திடம் இரண்டு தடவையும் காட்டியாகிவிட்டது. முந்தின இரவு பட்டறையிலேயே தங்கிய முருகேசன் அண்ணன் வேனில் ஏற்றினார். ஆனால் கல்லூரிக்காரர்கள் வந்து சேரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அதுவரை விமானங்கள் கதவு சாத்திய வேனுக்குள் இருந்தன.

வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஸ்டீபன் மடல்கள் சரியான திசையில் அசைகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓடவிட்டார். முதல் விமானம் தரையை விட்டதும் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கியது. ஒரு பனை உயரம் போனது, நின்றது, அப்படியே தலைகுப்புற விழுந்தது. விழுந்த இடத்துக்கும் மாணவர்கள் நின்ற இடத்துக்கும் ஐந்தாறு எட்டுதான் தூரம். ஒரு பையனின் சட்டையில் மண் தெறித்திருந்தது.

அப்புறம் ஸ்டீபன் இரண்டாவது விமானத்தின் எலிவேட்டரைக் குனிந்து பார்த்தார். பூஜ்யத்தில் நிற்க வேண்டியது கண்ணுக்குத் தெரிகிற அளவு மேலே எழுந்து நின்றது. கம்பி முனையை இரண்டு சுற்றுத் திருகி மட்டமாக்கிப் பறக்கவிட்டார். அது ஒழுங்காகப் பறந்தது. கல்லூரிக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

பட்டறைக்குத் திரும்பியதும் மேடம் என் நோட்டைத் திறந்தார். இரண்டுக்கும் பூஜ்யம். நான் எழுதியதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அப்படியானால் அளந்த பிறகு யாரோ திருகியிருக்க வேண்டும். ஏற்றியது ஒரே ஆள். முன்பே ஒரு தடவை மாட்டிய ஆள். இரண்டாவது விமானத்தை மறுபடி அளந்து பார்க்கலாமா என்று ஸ்டீபன் கேட்டார். நீங்கள் மைதானத்தில் திருகிவிட்டதால் இனி அளந்து பயனில்லை என்று சொன்னது நான்தான்.

முருகேசன் அண்ணன் எங்கள் எல்லோருக்கும் நடுவில் நின்றார். தொடவில்லை என்றார். முன்பு செய்தேன், ஒத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு தொட்டதே இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காலையில மட்டமாத்தான் இருந்துச்சும்மா. நீ பாத்தது சரி. வெயில்ல நிமிந்துக்கிருச்சு. நான் ரெண்டு நாளா பாக்குறேன், மொட்டமாடியில காய வைக்கையில நிமிருது, சாயங்காலம் படுத்துக்கிருது."

நான் சிரிக்கவில்லை. ஆனால் மனசுக்குள் சிரித்தேன் என்பதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. ஒரு தாளை எடுத்தேன். கம்பி எழுநூறு மில்லி நீளம். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு எவ்வளவு நீளும் என்பது டிப்ளமோவில் படித்தது, மனப்பாடமாகவே இருந்தது. காலைக்கும் வேனுக்குள் மதியத்துக்கும் இருபத்தைந்து டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டேன். கம்பி அவ்வளவு நீண்டால் மடலின் விளிம்பு எவ்வளவு எழும் என்று மாற்றினேன். வந்தது அரை மில்லி. விமானத்தில் ஸ்டீபன் பார்த்தது நான்கு மில்லிக்குக் குறையாது.

"அண்ணே, வெயில்ல கம்பி நீளுறது உண்மைதான்," என்றேன். "ஆனா அதால மடல் அரை மில்லிதான் நிமிரும். மிச்சம் மூணரைக்கு வெயில் பொறுப்பில்ல."

தாளை அவரிடமே நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். என் எண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். படிக்கத் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க அவரால் முடியாது, அது எனக்கும் தெரியும். தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, அப்ப சரி என்றார். அடுத்த நாளிலிருந்து அவர் வரவில்லை. மேடம் வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்.

எனக்கு அதில் வருத்தம் இருந்ததே தவிரக் குழப்பம் இல்லை. சரஸ்வதி அக்காதான் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. டீச்சர் என்று கூப்பிடவும் இல்லை.

மூன்று வாரம் போனது. அவருடைய இடத்தில் ஸ்டீபனே கம்பி பொருத்திக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், விழுந்து நொறுங்கிய விமானத்திலிருந்து உருப்படியான சாமான்களைப் பிரித்து வைக்கச் சொல்லி மேடம் சரஸ்வதி அக்காவிடம் கொடுத்திருந்தார். அக்கா உடம்பைப் பிளந்து, உள்ளே ஓடியதை உருவி எடுத்தார். அது அவர் கையில் வளைந்து தொங்கியது.

"இதென்ன டீச்சர், ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற டியூபாட்டம் இருக்கு?"

நான் வாங்கிப் பார்த்தேன். இரண்டு முனையிலும் கட்டைவிரல் நீளத்துக்கு மரை போட்ட இரும்புக் கம்பி. நடுவில் முழுக்க முழுக்க பிளாஸ்டிக் குழாய். சர்வோ பக்கம் வெளியே நீட்டியிருப்பதும், வால் பக்கம் வெளியே நீட்டியிருப்பதும் இரும்பு. நான் நான்கு வருடமாகப் பார்த்தது அந்த இரண்டு முனைகளை மட்டும்தான். முன்பு உள்ளேயும் இரும்புதான் ஓடியது. இந்த ஆறு விமானங்களுக்குத்தான் எடை குறைவு என்று மேடம் குழாயாக வரவழைத்திருந்தார். அது பொருத்தும் அறையில் நடந்தது. எனக்கு அந்த அறையில் வேலை இல்லை.

அந்த வகைப் பிளாஸ்டிக் இரும்பைவிட ஏழெட்டு மடங்கு நீளும். மறுபடி கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. அரை மில்லியை எட்டால் பெருக்க யாருக்கும் தாள் வேண்டாம்.

அதே குழாய் போட்ட மூன்றாவது விமானம் அப்போது தயாராக இருந்தது. அதை அளந்தேன், பூஜ்யம். மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் வைத்துவிட்டு, ஸ்கேலோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு எலிவேட்டர் நான்கு மில்லி மேலே நின்றது. கீழே கொண்டுவந்து ஃபேனுக்குக் கீழ் வைத்தேன். ஆறு மணிக்குப் பூஜ்யம். முருகேசன் அண்ணன் சொன்ன அதே வார்த்தைதான். நிமிர்ந்தது, படுத்துக்கொண்டது.

உள்ளே இருப்பது குழாய் என்று அண்ணனுக்குத் தெரியும், ஸ்டீபனுக்குத் தெரியும், வாங்கிய மேடத்துக்கும் தெரியும். எது சூட்டில் எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் நான்கு பேரும் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தோம்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மேடம் மூன்று மணிக்கே கிளம்பிப் போயிருந்தார். போன் இருந்தது. நேரில் சொல்வதுதான் முறை என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயிலுக்குப் போவார், தொந்தரவு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை, சொல்லிவிடுவது என்றுதான் அவர் அறைக்குள் போனேன். மேடம் போனில் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பெண் அளந்தால் அதற்கு மேல் பேச்சே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து என்ன என்பது போலத் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை மேடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சொல்ல வேண்டிய வாக்கியத்தை எட்டுத் தடவை மனசுக்குள் மாற்றி அமைத்தேன். எப்படி அமைத்தாலும் அதில் தப்பு செய்தவள் நானாகவே இருந்தேன்.

புதன்கிழமை காலை சொன்னேன். மேடம் நடுவில் குறுக்கிடவில்லை. என்னோடு மொட்டைமாடிக்கு வந்து, இரண்டு மணி வரை வெயிலில் காத்திருந்து, ஸ்கேலை அவரே பிடித்து அளந்தார். மறுபடி அளக்கச் சொல்லவில்லை.

"நீ எத வச்சுக் கணக்குப் போட்டன்னு நான் கேக்கவே இல்ல பாரு," என்றார். ஸ்கேலை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஸ்டாண்டுக்குப் போவோம். அறந்தாங்கி பஸ் இருக்கும்," என்றார்.

அறந்தாங்கியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். முருகேசன் அண்ணன் தெருவில் பாதி வீடுகள் புதிது, மாடி வைத்து டைல்ஸ் ஒட்டியவை. அவருடையது பழைய ஓட்டு வீடு. அவர் மனைவி வாசலில் எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, ஒங்க மேடம் வந்துருக்காங்க என்று சொன்னார். முருகேசன் அண்ணன் வெளியே வந்து, வாங்க என்றார். உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். மேடம் உட்காரவில்லை, அதனால் நானும் உட்காரவில்லை.

மேடம் முதலில் பேசினார். குழாய் வாங்கியது நான், விசாரிக்காமல் அனுப்பியதும் நான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நான் இரும்புன்னு நெனச்சுக் கணக்குப் போட்டுட்டேன்," என்றேன். "உள்ள குழாய்னு எனக்குத் தெரியாது. நீங்க சொன்னதுதான் சரி."

அவர், "எவ்வளவு நிமிந்துச்சு?" என்று கேட்டார்.

"நாலு மில்லி. ரெண்டு மணிக்கு."

"நான் மூணுன்னு நெனச்சேன்," என்றார். பிறகு, "நீங்க கம்பி கம்பின்னு சொன்னப்ப, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறதத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். உள்ள இருக்கறது தெரியாம இருக்கும்னு நெனைக்கல. படிச்சவுங்க, எல்லாத்தையும் சேத்துத்தான் போட்டுருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அதுவரை நான்கு வருடமும் அவர் என்னை வா, போ என்றுதான் பேசுவார்.

மேடம், நாளைக்கே வேலைக்கு வாருங்கள் என்றார். அண்ணனின் மனைவி கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது எப்பத் தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். மேடத்துக்கும் நான் நாள் சொல்லவில்லை. வாய் வரை வந்தது.

"சனிக்கிழம," என்றேன். "சனிக்கிழம சாயங்காலம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் திங்கக்கிழமதான் வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டுகிட்டக் கையெழுத்துப் போட்டேன்," என்றார். "பாஸ்போர்ட்டையும் குடுத்துட்டேன். மச்சான் அங்கிட்டு எனக்காக ஆள் பாத்துச் சொல்லி வச்சுருக்காரு. இனி மாத்தப்புடாது."

அவர் மனைவி உள்ளே போய்விட்டார். குடிக்கக் கலர் வாங்கி வரட்டுமா என்று அண்ணன் கேட்டார். மேடம் ஏஜெண்டிடம் தானே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றார் அவர். அவர் கேட்டது ஒன்றுதான். அந்த அறையில் எல்லோர் முன்னாலும் நின்று தலைகுனிந்தவன் நான், அதே அறையில் அதே ஆட்கள் முன்னால் இதைச் சொல்ல வேண்டும் என்றார்.

மறுநாள் காலை வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ஸ்டீபன், சரஸ்வதி அக்கா, மேடம் மூன்று பேரும் நின்றார்கள். நான் அந்தக் கணக்குத் தாளைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். எந்த இடத்தில் தப்பு என்று காட்டினேன். அண்ணன் தொடவில்லை என்றேன். எனக்குச் சனிக்கிழமையே தெரியும், புதன்கிழமைதான் சொன்னேன் என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது சரஸ்வதி அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். மேடம் பார்க்கவில்லை.

முருகேசன் அண்ணன் ஸ்டீபனிடம், மிச்ச விமானத்துக்குக் குழாயை உருவிவிட்டு இரும்பே போடச் சொன்னார். எடை கூடும், மூக்குப் பக்கம் கொஞ்சம் ஈயம் வைத்துச் சமன் செய்துகொள்ள வேண்டும் என்றார். பிறகு எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, "வாரேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்த மாதக் கடைசியில் விமானம் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து போகிறாராம். பட்டறைப் பக்கம் வந்ததில்லை.

நிவேதாவுக்குக் கொடுத்த அலமாரியில் அந்த வருடத்து நோட்டும் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை நான் மூன்று விமானம் அளந்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை நான்கு. கையெழுத்து நிதானமாக இருக்கிறது. ஒவ்வொரு மடலுக்கும் மேலே மூன்று, கீழே மூன்று என்று முறைப்படி எழுதியிருக்கிறேன். இரண்டாம் தடவை அளந்த எண்களும் பக்கத்தில் இருக்கின்றன. அந்த இரண்டு நாளில் அளந்த ஒன்றில்கூடப் பிழை இல்லை.